படுத்திருக்கிறாள் என்று சொன்னேன்

என் மகள் திரும்பி வந்து மாதங்கள் ஆகிவிட்டன. இப்போதும் அவள் பகலில் கட்டிலில் சாய்ந்தால் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போய் எட்டிப் பார்க்கிறேன். அவள் கவனித்துவிட்டால் எதையோ எடுக்க வந்தவள்போல அலமாரியைத் திறந்து மூடுகிறேன். "அம்மா, தூங்கதான் படுத்தேன்" என்கிறாள். தெரியும் என்கிறேன். தெரிந்து என்ன பயன்? கால்கள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகின்றன.

அவள் ஓட்டக்காரி. உடற்கல்வி படித்தவள், வேலைக்குக் காத்திருந்தவள். எங்கள் மலையில் பஸ் குறைவு என்பதால் ஜமுனாமரத்தூருக்குப் போவதானாலும் ஓடியே போய்விடுவாள். இரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே குறுக்கு வழியில் ஏறி, பின்னால் வரும் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று டிரைவருக்குக் கை காட்டுவது அவளுக்கு விளையாட்டு. அப்படிப்பட்டவள் ஒரு நாள் ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டே சொன்னாள்.

"பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சிக்கு என்ன எடுத்துருக்காங்க. சில வாரம் படுத்துனு இருக்கணும். அவ்ளோதான்."

என் கணவர் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். "படுக்கறதுக்கு எதுக்குப் பெங்களூரு? இங்க படுக்க எடமில்லியா?"

"சும்மா படுக்கறது இல்லப்பா. கட்டிலு தலைமாட்டுப் பக்கம் எறங்கி இருக்கும். சாப்புடறது, குளிக்கறது எல்லாம் அப்டியேதான். எழுந்து ஒக்காரக் கூடாது. ராக்கெட்ல போறவங்களுக்கு ஒடம்புல இன்னா ஆவுதோ, அது கீழயே ஆவும்."

"தலைமாடு எறங்கியா? காட்டுல காவலுக்குப் போனா மேட்டுப் பக்கம்தான தல வெச்சுப் படுப்போம்? பன்னிகூட பள்ளத்துல தல வெச்சுப் படுக்காது."

"அதனாலதான்பா மனுஷங்கள எடுக்கறாங்க."

"எதுக்கு உன்ன?" என்று நான் கேட்டேன்.

"நல்லா ஓடறவங்க, நோய் நொடி இல்லாதவங்கதான் வேணுமாம்."

"நல்லா இருக்கறவங்களப் படுக்க வெச்சுக் கெடுக்கறாங்களா?" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, நான் அறிவியல் படித்தவள் என்பதால் எனக்கு மட்டும் புரியும் என்கிற மாதிரி விளக்கினாள். பயந்தால், கோபப்பட்டால், யாராவது முறைத்தால் உடம்பில் கார்டிசால் என்று ஒன்று சுரக்கும். காலையில் எழுந்ததும் பஞ்சை வாயில் அதக்கிக் கொடுத்தால் எச்சிலிலேயே அதன் அளவு தெரிந்துவிடும். படுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, படுத்திருக்கும்போது சில தடவை பயமுறுத்திப் பார்ப்பார்கள். பயமுறுத்துவது என்றால் அடிப்பது இல்லை. சிரிக்காத முகத்தோடு மூன்று பேர் உட்கார்ந்து பெரிய எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள், தப்பு செய்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள்.

"அப்டிப் படுத்தா தனக்கு எடையே இல்லன்னு ஒடம்பு நம்பிடும்மா. அப்போ பயம் மட்டும் பழையபடி இருக்குமா, கூடுமா, கொறையுமா? அதத்தான் பாக்கறாங்க."

அவள் கண்களில் பந்தயத்துக்கு முன்னால் வரும் பளபளப்பு இருந்தது. இத்தனை வருஷம் ஓடிப் பார்த்துவிட்டேன், ஒன்றுமே செய்யாமல் இருந்தால் என் உடம்பு என்ன ஆகும் என்று பார்க்கிறேன் என்றாள். வயது வந்த பெண். கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருந்தாள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, அதைக் கேட்கவில்லை. இவ்வளவு நாள் படுத்துவிட்டு நீ எழுந்து நிற்பாயா?

அவள் போன பிறகு அந்தக் கேள்வியை நான் செல்போனிடம் கேட்டேன். எங்கள் ஊரின் கிளை அஞ்சலகம் என் பொறுப்பில் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு பீரோ, முதியோர் பணம் கொடுக்கும் கைரேகை மிஷின், இவ்வளவும் அடங்கிய ஒற்றை அறை. அங்கே சிக்னல் வந்து வந்து போகும். நான் தேடிய பக்கம் ஒவ்வொரு தடவையும் "நீண்ட காலம் படுத்திருப்பவர்களின் எலும்பு" என்ற இடம் வரை வந்து நின்றுவிடும். எலும்புக்கு என்ன ஆகும் என்று தெரிவதற்குள் யாராவது கட்டைவிரலை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். நான் அந்தப் பக்கத்தைக் கடைசிவரை படித்ததே இல்லை.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவும் பெங்களூரிலிருந்து ஒரு தடவை போனில் பேசினார். நல்ல மாதிரி. உடற்பயிற்சி கொடுத்து எழுப்புவோம், கொஞ்ச நாளில் பலம் திரும்பிவிடும், எந்த நேரத்திலும் அவள் வேண்டாம் என்று சொல்லி எழுந்து போகலாம் என்றார். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். வீட்டிலிருந்து மனம் கலங்கும் செய்தி எதுவும் அவளிடம் போக வேண்டாம், அப்படி ஏதாவது நடந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள். கலக்கம் அளக்கிற இடத்தில் வெளியிலிருந்து கலக்கம் வந்தால் அளவு கெட்டுவிடும். சரிங்க என்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

பணம் வாங்க வந்த ஒரு அம்மா, பக்கத்துக் கிராமத்துக்காரி, கைரேகை விழாமல் விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். "பொண்ணக் காணமே, வேலைக்குப் போய்ட்டாளா?" என்று கேட்டாள். நான் மிஷினில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்தபடியே, "எங்க வேல? பெங்களூர்ல படுத்துனு இருக்குறா" என்றேன். மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சிக்னல் வந்தது. "வைங்க, வைங்க, அழுத்தி வைங்க" என்று விரலைப் பிடித்து அழுத்தினேன். பணம் வந்துவிட்டது. அந்த அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னை ஒரு மாதிரி பார்த்து, கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். எதற்குத் தொட்டாள் என்று ஒரு கணம் யோசித்தேன். அடுத்த விரல் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் நல்லா இருக்கிறவர்கள் தூங்குவார்கள், அசந்துபோய்க் கண் மூடுவார்கள். படுத்துக்கொண்டு இருப்பவர்கள் வேறு ஆட்கள். "அவரு படுத்துனு இருக்காரு" என்று யாராவது சொன்னால், எத்தனை நாளாய், எந்த ஆஸ்பத்திரி, சோறு இறங்குகிறதா என்றுதான் அடுத்த கேள்வி. இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் வாரக் கணக்கில் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சாதாரணமாகப் புழங்கியதில் அதன் முனை மழுங்கிப் போயிருந்தது. மகள் படுத்திருந்தாள். அதைத்தான் சொன்னேன்.

ஒன்றிரண்டு நாளில் என் ஓரகத்தி வந்தாள். கணவரின் அண்ணன் மனைவி, செங்கத்தில் இருக்கிறாள். பையில் பிரெட்டும் சாத்துக்குடியும். வாசலிலேயே மூக்கைச் சிந்தினாள்.

"இன்னாமே, எங்ககிட்ட சொல்லக் கூடாதா? ஊர்க்காரங்க சொல்லித் தெரியணுமா எங்களுக்கு?"

"எதுங்கக்கா?"

"எதுவாம். பொண்ணு படுத்த படுக்கையா கெடக்குது, எதுன்னு கேக்கறா பாரு."

நான் விளக்கினேன். ராக்கெட், சாய்ந்த கட்டில், எச்சில், பஞ்சு, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் இன்னும் இருண்டது. கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது, டாக்டர் நாலு பேர் பார்க்கிறார்கள், தினமும் ரத்தம் எடுக்கிறார்கள் என்பதுதான் அவளுக்குக் கேட்டது. ராக்கெட் கேட்கவில்லை.

"நல்லா இருக்கறவளுக்கு எதுக்கு ரத்தம் எடுக்கறாங்கமே?"

"நல்லா இருக்கறதாலதாங்கக்கா எடுக்கறாங்க."

"சரி. நீ சொல்ல வேணாம். நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு, மஞ்சள் துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் காசு முடிந்து சாமி படத்தின் ஆணியில் மாட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று மாலை அவள் செங்கத்துக்கு இறங்கிப் போனதும் செய்த காரியம் தெரிந்தபோது சிரிப்பு போய்விட்டது. அவள் நேராக என் மகளுக்கு போன் போட்டுவிட்டாள்.

என்ன பேசினார்கள் என்று பிறகு மகள் சொல்லித் தெரியும். போனை எடுத்ததும் அழுகை. "கண்ணு, பெரிம்மா இருக்குறேன், தைரியமா இரு. உங்கம்மா வாயே தொறக்க மாட்டேங்கறா. மறைக்கறா. மஞ்சத்துணியில முடிஞ்சு வெச்சுட்டு வந்துட்டேன். எல்லாம் சரியாயிடும்." மகளுக்குத் தனக்கு ஒன்றுமில்லை என்று தெரியும். அப்படியானால் யாருக்கு? வீட்டில் யாருக்கோ எதுவோ ஆகிவிட்டது, தன்னிடம் சொல்லக் கூடாது என்று ஆராய்ச்சிக்காரர்கள் தடுத்து வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குத்தான். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. "பெரிம்மா, யாருக்கு இன்னா?" என்று அவள் கேட்க, "ஒண்ணுமில்ல கண்ணு, நீ எதுவும் நெனைக்காத" என்று ஓரகத்தி இன்னும் அழ, லைன் அறுந்துவிட்டது.

மறுநாள் காலை டாக்டரம்மா கூப்பிட்டார். நான் அஞ்சலகக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா? அவ தூங்கவே இல்ல. நாடித்துடிப்பு ரொம்ப ஏறியிருக்கு. எச்சிலோட கணக்கு அப்புறம்தான் தெரியும், ஆனா அது தேவையே இல்ல, பார்த்தாலே தெரியுது. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, நான் எழுந்து போறேன்னு சொல்றா."

"அவருக்கு ஒண்ணுமில்லைங்களே."

"நாங்களும் சொன்னோம். நம்பமாட்டேங்கறா. போகணும்னா போகட்டும், அது அவ உரிமை. ஆனா இத்தனை நாள் படுத்தவ திடீர்னு எழுந்து பஸ் ஏற முடியாது. முறையா எழுப்ப எங்களுக்கு நேரம் வேணும். இப்ப இருக்கற படபடப்புல கட்டில்ல இருந்து காலக் கீழ வெச்சான்னா விழுந்துடுவா. நீங்க பேசுங்க."

போனை மகளிடம் கொடுத்தார்கள். அவள் குரல் தாழ்ந்து, மூக்கடைத்துப்போய் வந்தது.

"அப்பாக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

சொன்ன உடனேயே தப்பு புரிந்தது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு மரியாதை கிடையாது. பாம்பு நுழைந்த அன்றும், அவருக்கு மயக்கம் வந்த அன்றும், நான் வழுக்கி விழுந்து கையைக் கட்டிக்கொண்டு வந்த அன்றும் நான் அவளிடம் சொன்னது அதேதான்.

"நீ ஒண்ணுமில்லன்னு சொன்னா எதுவோ இருக்குன்னு அர்த்தம். அப்பாவக் காட்டு. வீடியோல காட்டு."

அஞ்சலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். நடந்தேன் என்று எழுதுகிறேன், ஓட்டம்தான். என் எச்சிலை யாராவது அப்போது பஞ்சில் எடுத்திருந்தால் அவர்களுடைய மிஷின் தாங்கியிருக்காது. அவள் காலைக் கீழே வைத்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் மண்டையில் இருந்தது. அவர் காட்டுக்குப் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும். சாமை அறுப்பு முடிந்துவிட்டதால் இருப்பார்.

இருந்தார். வாசலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டிலை இழுத்துப் போட்டு மல்லாந்து கிடந்தார். கட்டிலின் கால்மாட்டுப் பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் வரப்புக் கல் இரண்டை வைத்து உயர்த்தியிருந்தார். தலை பள்ளத்தில் இருந்தது.

"இன்னாங்க இது?"

"படுத்துப் பாக்கறேன்."

"எதுக்கு?"

"அவ போனதுலருந்து பகல்ல கொஞ்ச நேரம் படுத்துப் பாக்கறேன். நீ ஆபீஸ் போனப்பறம். எப்டி இருக்குன்னு தெரிய வேணாமா?" ஏதோ களையெடுத்தேன் என்பதுபோலச் சொன்னார். கண்ணிமை வீங்கி, முகம் சிவந்து உப்பி, நெற்றி நரம்பு புடைத்திருந்தது. ரத்த அழுத்தம் உள்ள மனிதர். எனக்கு வந்த கோபத்தில் கல்லைக் காலால் தள்ளியிருப்பேன். அதற்குள் கையில் இருந்த போன் அடித்தது. அந்தத் தொட்டிப் பக்கம்தான் எங்கள் வீட்டில் சிக்னல் நிற்கும் இடம்.

எடுத்ததும் அவள் முகம். தலை இறங்கிய படுக்கையில் அவளும் உப்பியிருந்தாள், கன்னம் குழந்தைக் கன்னம்போல ஆகியிருந்தது. நான் யோசிக்காமல் போனை அவர் பக்கம் திருப்பிவிட்டேன்.

"அப்பா மூஞ்சி இன்னா அப்டி இருக்கு?" என்றாள். குரல் உடைந்தது. "அம்மா, அப்பா மூஞ்சி வீங்கியிருக்கு. எழுந்துக்கவே இல்ல பாரு. நான் சொன்னேன் இல்ல."

பின்னாலிருந்து யாரோ "மெதுவா, மெதுவா, காலை எடுக்காதே" என்று சொன்னது கேட்டது. அவள் ஒரு முழங்கையை ஊன்றிவிட்டிருந்தாள். என் வாயில் மறுபடியும் "ஒண்ணுமில்ல" வந்து நின்றது. விழுங்கினேன்.

அவர் கையை நீட்டி போனை என்னிடமிருந்து வாங்கினார்.

"பாப்பா, நான் உன் கட்டில்ல படுத்துனு இருக்கறேன்" என்றார். போனைக் கீழே இறக்கிக் கல்லைக் காட்டினார். "பாரு. வரப்புக் கல்லு. நீ எவ்ளோ சாய்வுன்னு சொல்லல, நானா குத்துமதிப்பா வெச்சேன்."

அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. பிறகு, பரீட்சையில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மூக்கு அடைக்குதா?"

"அடைக்குது."

"வலிக்குதா எங்கனா?"

"இடுப்புக்கு மேல, முதுகுல. முதல் ரெண்டு நாள் ரொம்ப. இப்போ கொஞ்சம் தேவல."

"சாப்ட்டு படுத்தா?"

"நெஞ்சுலயே நிக்குது. அதனால இப்போல்லாம் சாப்ட்டுப் படுக்கறதில்ல. அப்புறம் இன்னொண்ணு, அடிக்கடி ஒண்ணுக்கு வருது. அது எனக்கு மட்டுமா, உனக்குமா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே அழுதாள். முழங்கையை எடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் சிரித்தது கேட்டது. நோயை மறைக்கச் சும்மா சொல்கிறவர்களுக்கு இந்த விவரங்கள் தெரியாது என்றாள் பிற்பாடு. அந்தக் கட்டிலில் படுத்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

"எழுந்துருப்பா. உனக்கு பி.பி. இருக்கு. இது உனக்கு ஆவாது."

"நீ எழுந்துக்கற அன்னிக்கு நானும் எழுந்துக்கறேன்."

"இப்போ எழுந்துரு. நான் பாக்கணும்."

அவர் எழுந்தார். சட்டென்று எழுந்ததில் தள்ளாடித் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நானும் அவளும் ஒரே நேரத்தில் "மெதுவா" என்றோம். பிறகு அவர் வாசலில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்து காட்டினார். மாடு வாங்குகிறவர்களுக்கு நடத்திக் காட்டுவதுபோல இருந்தது. இன்னொரு தடவை நட என்றாள். நடந்தார். சரி, நான் இருக்கிறேன் என்றாள். அந்த நாளின் அளவுகளைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்வதாக டாக்டரம்மா சொன்னார். ஓரகத்திக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ குடும்பமே படுத்துனு இருக்குதா?" என்று கேட்டாள். அந்த மஞ்சள் முடிச்சை மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்றாள்.

அவளை எழுப்பும் நாளன்று நான் மட்டும் போனேன். அவர் வரவில்லை, பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். திருப்பத்தூர் போய், ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, வழியெல்லாம் எதுவும் சாப்பிடாமல் போய்ச் சேர்ந்தேன். ஒரு கண்ணாடிக்குப் பின்னால் எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை.

அவளை ஒரு பலகையில் படுக்கவைத்து வாரால் கட்டியிருந்தார்கள். கையில் ஊசி, மார்பில் வயர்கள். பலகையை மெல்ல நிமிர்த்தினார்கள். பாதம் தரையைத் தொட்டது. அவள் என்னைப் பார்த்தாள், பந்தயம் முடிந்து பார்ப்பதுபோல. சரியாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே உதட்டின் நிறம் போனது. பிறகு கன்னத்தின் நிறம். கண் என்மேல்தான் இருந்தது, ஆனால் அதில் பார்வை இல்லை. தலை பக்கவாட்டில் சரிந்தது.

நான் கண்ணாடியை அடித்தேன் என்று சொல்கிறார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. பலகையை உடனே படுக்கவைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது, அவள் ஏதோ பேசினாள், நர்ஸ் சிரித்தாள். இது எதிர்பார்த்ததுதான், பலருக்கு இப்படி ஆகும், ரத்தத்துக்கு மேலே ஏறுகிற வழி மறந்துபோயிருக்கிறது, ஞாபகம் வந்துவிடும் என்று டாக்டரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருக்குத் தெரிந்ததுதான். எனக்கும் முன்கூட்டியே சொல்லப்பட்டதுதான். ஆனால் என் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இல்லாமல் போன அந்த நேரம் என் உடம்புக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நாள் நின்றாள். அதற்கடுத்து நடந்தாள், சுவரோரமாக. பயிற்சியெல்லாம் கொடுத்துச் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆராய்ச்சியின் முடிவு என்ன, எடையே இல்லை என்று நம்பிய உடம்பில் பயம் கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டேன். எல்லோருடைய அளவுகளையும் சேர்த்துப் பார்க்க நாளாகும் என்றார்கள்.

திருப்பத்தூரில் மலைக்கு ஏறும் பஸ் நிரம்பி வழிந்தது. எனக்கு ஓர் இடம் கிடைத்தது. அவளை உட்காரச் சொன்னேன்.

"இத்தன நாள் படுத்துட்டு வந்துருக்கேன். நிக்கறேன்மா."

"உக்காரு."

"அம்மா."

நின்றாள். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பழைய மாதிரி. முதல் வளைவில் பஸ் சாய்ந்தபோது அவளும் சாய்ந்து நிமிர்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல இருந்துகொண்டு, அவள் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்திருந்தேன், படாமல். அடுத்த வளைவு. அதற்கடுத்த வளைவு. அவள் சட்டை முதுகில் நனைந்துகொண்டிருந்தது. ஏதாவது சொல்லலாமா என்று வாய் வரை வந்து வந்து போனது. சொன்னால் இன்னும் பிடிவாதமாக நிற்பாள். சொல்லாவிட்டால்.

பாதி மலை ஏறியிருப்போம். அவள் கம்பியை விட்டுவிட்டு, குனிந்து என் காதருகில் சொன்னாள்.

"முடியலம்மா. கொஞ்சம் தள்ளு."

தள்ளி உட்கார்ந்தேன். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக ஒண்டிக்கொண்டாள். அவள் தொடை என் தொடையோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. ஒண்ணுமில்லை என்று அவளும் சொல்லவில்லை.